டுரியான் விமானம் ஏறத் தயார்... சான்றிதழ் தயாரா? மின்னிலக்கத்துக்கு மாறும் தாவர நலச் சான்றிதழ்

டுரியான் பருவம் வந்துவிட்டால் நம் ஊரில் ஒரே கேள்விதான்: "முசாங் கிங் கிலோ எவ்வளவு?"

அதே பழம் சீனாவுக்குப் போக வேண்டும் என்றால் விலைக்கு முன்னால் வேறு ஒரு கேள்வி வந்து நிற்கும்: "சான்றிதழ் ரெடியா?"

மலேசிய டுரியான் ஒரே நாளில் சீனாவுக்குள் போய்விடவில்லை. 2011இல் சுளைக்கும் விழுதுக்கும்தான் அனுமதி கிடைத்தது. 2019இல் உறையவைத்த முழுப் பழம். தோலோடு, முள்ளோடு, புத்தம் புதுப் பழமாக அனுப்ப 2024 ஜூன் மாதம்தான் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. ஆகஸ்ட்டில் முதல் சரக்கு போனது. அந்த உடன்பாடு சுவையைப் பற்றியது அல்ல, விலையைப் பற்றியதும் அல்ல. தாவர நலத்தைப் பற்றியது. பழத்தோடு சேர்ந்து என்ன பூச்சி, என்ன பூஞ்சை எல்லை தாண்டும் என்பதுதான் அங்கே பேச்சு.

இதில் நேரம் என்ற சிக்கலும் இருக்கிறது. மலேசியாவில் டுரியானை வெட்டிப் பறிப்பதில்லை. மரத்திலேயே பழுத்துத் தானாக விழட்டும் என்று காத்திருப்பார்கள். சுவைக்கு அது நல்லது. ஆனால் விழுந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். சில நாள்தான் தாங்கும். அந்தச் சில நாளில் ஒரு தாளுக்காகப் பெட்டி காத்துக்கிடந்தால்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே என்ற கதைதான்.

அந்தத் தாள்தான் தாவர நலச் சான்றிதழ். உலகம் முழுக்க அது இப்போது தாளிலிருந்து கணினிக்கு மாறிக்கொண்டிருக்கிறது. இது என்ன, ஏன் மாறுகிறது, மாறினால் எது சரியாகும், எது சரியாகாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாவர நலச் சான்றிதழ் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் 'ஃபைட்டோசானிட்டரி சர்டிஃபிகேட்' என்பார்கள். வியாபாரிகள் பேச்சில் சுருக்கமாக 'ஃபைட்டோ'.

பார்க்க சாதாரணப் படிவம் மாதிரிதான் இருக்கும். அனுப்புபவர் யார், பெறுபவர் யார், எத்தனை பெட்டி, எந்த ஊரில் விளைந்தது, விமானத்திலா கப்பலிலா, எந்த எல்லை வழியாக நுழையும், தாவரத்தின் அறிவியல் பெயர் என்ன என்று வரிசையாகக் கட்டங்கள். பூச்சியைக் கொல்ல மருந்துப் புகையோ வெப்பமோ கொடுத்திருந்தால், எந்தத் தேதியில், எவ்வளவு நேரம், எத்தனை டிகிரி என்பதும் இருக்கும். இறக்குமதி செய்யும் நாடு தனியாக ஏதாவது உறுதிமொழி கேட்டிருந்தால் அதற்கும் ஓர் இடம் உண்டு.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தச் சான்றிதழைக் கொடுப்பது வியாபாரி அல்ல, அரசாங்கம். அதைப் பெறுவதும் இன்னொரு வியாபாரி அல்ல, இன்னொரு நாட்டின் அரசாங்கம். "இந்தச் சரக்கை எங்கள் அதிகாரி சோதித்தார். நீங்கள் வரக்கூடாது என்று சொன்ன பூச்சி, நோய் எதுவும் இதில் இல்லை. உங்கள் விதிகளுக்கு இது உட்பட்டிருக்கிறது." ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கும் வாக்கு அது.

சிங்கப்பூரில் செடி ஏற்றுமதிக்கு இந்தச் சான்றிதழைக் கொடுப்பது தேசியப் பூங்காக் கழகம். மலேசியாவில் தாவரப் பாதுகாப்பு விவசாயத் துறையின் பொறுப்பு. ஒவ்வொரு நாட்டிலும் இப்படி அதிகாரபூர்வ அமைப்பு ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்வது அனைத்துலகத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம். 1951இல் உருவான இந்த ஒப்பந்தத்தில் இன்று 180க்கும் அதிகமான தரப்புகள் இருக்கின்றன. அதன் செயலகம் ரோம் நகரில், ஐக்கிய நாட்டு உணவு, விவசாய நிறுவனத்தில் இயங்குகிறது.

எல்லாப் பொருளுக்கும் ஃபைட்டோ வேண்டுமா? வேண்டாம். வறுத்த காப்பிக்கொட்டை, டின்னில் அடைத்த பழம் போன்றவற்றில் பூச்சி உயிரோடு வர வழியில்லை. உயிருள்ள செடி, விதை, வெட்டிய பூ, புதுப் பழம், காய்கறி, தானியம், மரக்கட்டை ஆகியவைதான் முக்கியம். எதற்குக் கட்டாயம், எதற்கு இல்லை என்பதை இறக்குமதி செய்யும் நாடு முடிவு செய்யும்.

ஒரு பூச்சிக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

"சின்னப் பூச்சி, அதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று தோன்றலாம். நம் வரலாற்றையே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கை தேயிலைக்குப் பெயர்போன நாடு அல்ல, காப்பிக்குப் பெயர்போன நாடு. தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் முதலில் போனதும் காப்பித் தோட்டங்களுக்குத்தான். 1869இல் அங்கே காப்பி இலைகளில் துரு நிறத்தில் ஒரு பூஞ்சை தெரிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பித் தொழிலே சரிந்தது. அந்த நிலத்தில்தான் தேயிலை வந்தது. இன்று 'சிலோன் டீ' என்று நாம் குடிப்பதற்குப் பின்னால் ஓர் இலைநோய் இருக்கிறது.

அடுத்தது ரப்பர். ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. 1876இல் பிரேசிலிலிருந்து விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்த கன்றுகளில் சில 1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு அதுதான் தொடக்கம். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி பால் மரம் வெட்டிய கதையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

வியப்பு என்னவென்றால், தாயகத்திலேயே ரப்பரைப் பெரிய தோட்டமாக வளர்க்க முடியவில்லை. கார் தயாரிப்பாளர் ஹென்றி ஃபோர்ட் 1928இல் அமேசான் காட்டில் 'ஃபோர்ட்லாண்டியா' என்ற பெரும் ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். அதைச் சாய்த்ததில் முக்கியப் பங்கு தென் அமெரிக்க இலைக்கருகல் என்ற பூஞ்சை நோய்க்கு உண்டு. இலை துளிர்க்கத் துளிர்க்க உதிர்ந்தது. 1945இல் நிறுவனம் அந்த இடத்தை பிரேசில் அரசாங்கத்திடமே கொடுத்துவிட்டு வெளியேறியது.

அந்த நோய் இன்றுவரை ஆசியாவுக்கு வந்து சேரவில்லை. தென்கிழக்காசியா, பசிபிக் நாடுகள் 1956இல் செய்துகொண்ட தாவரப் பாதுகாப்பு உடன்பாட்டிலேயே அதைத் தடுப்பதற்கென்று தனி விதிகள் இருந்தன. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வரும் செடிகளுக்கு நம் வட்டாரம் இன்றும் கூடுதல் கட்டுப்பாடு வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

இன்னோர் உதாரணம், நம் சமையலறையிலிருந்தே. அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுபோனால் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். "ரசத்துக்குப் போடுற இலைங்க" என்று சொன்னாலும் நடக்காது. கறிவேப்பிலையில் ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி வாழும். அந்தப் பூச்சி, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் 'பசுமையாகும் நோயை' பரப்பும். ஃபுளோரிடா மாநிலத்தில் அந்த நோய் 2005இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு, புயல்களும் சேர்ந்துகொள்ள, அங்கே ஆரஞ்சு விளைச்சல் 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது.

உலக அளவில் பார்த்தால், விளையும் பயிரில் 40 விழுக்காடு வரை ஆண்டுதோறும் பூச்சிகளாலும் நோய்களாலும் வீணாவதாக உணவு, விவசாய நிறுவனம் மதிப்பிடுகிறது. தாவர நோய்களால் மட்டும் ஆண்டுக்கு 220 பில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் இழப்பு. 90 விழுக்காட்டுக்கும் மேல் உணவை வெளியிலிருந்து வாங்கும் சிங்கப்பூருக்கு இது யாரோ ஒருவருடைய பிரச்சினை அல்ல. அங்கே விளைச்சல் குறைந்தால் இங்கே தட்டில் விலை ஏறும்.

சரி, தாளில் என்ன குறை?

பல ஆண்டுகளாகத் தாள்தானே வேலை செய்தது? செய்தது. ஆனால் தாள் நான்கு விதத்தில் காலை வாரும்.

முதலாவது, நேரம். அதிகாரி முத்திரை குத்திய மூலத் தாளை எல்லையில் காட்ட வேண்டும். சரக்கோடு அனுப்பலாம், அல்லது கூரியரில் அனுப்பலாம். சரக்கு வந்து தாள் வரவில்லை என்றால் பெட்டி நகராது. குளிரூட்டிய கொள்கலன் துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் காசு. உள்ளே இருக்கும் பூவும் கீரையும் அதுவரை காத்திருக்குமா?

இரண்டாவது, சின்னத் தவறு. பெட்டி எண்ணிக்கையில் ஓர் இலக்கம் மாறிவிட்டது, அறிவியல் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனாவால் அடித்துத் திருத்த முடியாது. புதுச் சான்றிதழ் எழுதி, முத்திரை குத்தி, மறுபடியும் அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, போலி. நல்ல ஸ்கேனரும் பிரிண்டரும் இருந்தால் ஒரு தாளைப் போலியாக அடிப்பது பெரிய வித்தை அல்ல. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்திருக்கும் எல்லை அதிகாரிக்கு, அந்தக் கையெழுத்து உண்மையானதா என்று எப்படித் தெரியும்? சந்தேகம் வந்தால் அனுப்பிய நாட்டுக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை சரக்கு அங்கேயே கிடக்கும்.

நான்காவது, தயாரிப்பு. தாள் கைக்கு வந்த பிறகுதான் அதிகாரிக்கு என்ன சரக்கு என்றே தெரியும். முன்னாலேயே தெரிந்தால், எதை முதலில் சோதிப்பது, எதைச் சீக்கிரம் விடுவது என்று திட்டமிடலாம்.

2020இல் இந்தக் குறைகள் எல்லாம் ஒன்றாக வெளியே வந்தன. அந்த ஆண்டைத்தான் ஐக்கிய நாட்டு நிறுவனம் அனைத்துலகத் தாவர நல ஆண்டாக அறிவித்திருந்தது. கொவிட்-19 வந்தது, பயணிகள் விமானங்கள் நின்றன, கூரியர் தாமதமானது. உணவுக் கப்பல் வந்து நின்றது, தாள் வந்து சேரவில்லை. பல நாடுகள் தற்காலிகமாக ஸ்கேன் செய்த பிரதிகளை ஏற்றுக்கொண்டு சமாளித்தன. "இது நிரந்தரத் தீர்வு இல்லை" என்பது எல்லாருக்கும் புரிந்தது. அதற்குள் மாற்றுவழி ஒன்று தயாராக இருந்தது நல்லதாகப் போயிற்று.

இ-ஃபைட்டோ எப்படி வேலை செய்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். இ-ஃபைட்டோ என்பது சான்றிதழை ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்புவது அல்ல. பிடிஎஃப் வெறும் படம் மாதிரி. மனிதர் படிக்கலாம், அதில் உள்ளதைக் கணினி தானாக எடுத்துச் சரிபார்ப்பது சிரமம்.

இ-ஃபைட்டோவில் சான்றிதழின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனித் தரவு. பயிரின் பெயர் ஓர் இடத்தில், எடை ஓர் இடத்தில், கொடுத்த சிகிச்சை ஓர் இடத்தில் என்று 'எக்ஸ்எம்எல்' என்ற வடிவத்தில் இருக்கும். அனுப்பும் நாட்டின் கணினி எழுதியதைப் பெறும் நாட்டின் கணினி அப்படியே புரிந்துகொள்ளும். அதனால்தான் எல்லாரும் ஒரே வடிவத்தைப் பின்பற்ற வேண்டும் என்ற விதி. மின்னிலக்கச் சான்றிதழுக்கான அந்த விதிமுறை 2014இல் ஒப்பந்த நாடுகளால் ஏற்கப்பட்டது.

அடுத்த சிக்கல், இணைப்பு. தொடக்கத்தில் சில நாடுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து தங்கள் கணினிகளை இணைத்துக்கொண்டன. இரண்டு நாட்டுக்கு அது சரி. 180 நாடுகளுக்கு? ஒவ்வொரு நாடும் மற்ற எல்லா நாட்டோடும் தனித்தனியாக இணைவதென்றால் 16,110 இணைப்புகள் வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் பேச்சுவார்த்தை, சோதனை, செலவு. நடக்கிற காரியமா?

இதற்குத்தான் நடுவே ஒரு 'ஹப்' அமைத்தார்கள். தபால் நிலையம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா நாடும் அந்த ஒரே மையத்தோடு இணைந்தால் போதும். 16,110 இணைப்பு வேண்டிய இடத்தில் 180 போதும்.

பயணம் எப்படி என்று படிப்படியாகப் பார்த்தால்:

• ஏற்றுமதியாளர் இணையத்தில் விண்ணப்பிக்கிறார்.

• அதிகாரி சரக்கை நேரில் சோதிக்கிறார். எல்லாம் சரி என்றால் கணினியில் சான்றிதழை வெளியிடுகிறார்.

• அது ஹப்புக்குப் போகிறது. எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு என்ற முகவரியை மட்டும் ஹப் பார்க்கும். உள்ளே இருப்பதைப் படிக்காது, சேர்த்து வைத்துக்கொள்ளவும் செய்யாது.

• பெறும் நாட்டின் கணினி அதை எடுத்துக்கொள்கிறது. சரக்கு இன்னும் வானத்திலோ கடலிலோ இருக்கும்போதே சான்றிதழ் மேசையில் தயார்.

• தவறு இருந்தால் பழையதை ரத்துசெய்து புதியதை அதே வழியில் அனுப்பலாம். கூரியருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

போலி விஷயம் என்னாகிறது? சான்றிதழ் வியாபாரியின் கை வழியே போவதே இல்லை. ஓர் அரசாங்கத்தின் கணினியிலிருந்து இன்னோர் அரசாங்கத்தின் கணினிக்கு நேராகப் போகிறது. நடுவில் திருத்தவோ மாற்றவோ வாய்ப்பு மிகவும் குறைவு.

இந்த ஹப்பை நடத்துவது ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் அனைத்துலகக் கணினி நிலையம். 2017, 2018 ஆண்டுகளில் சில நாடுகளோடு சோதித்துப் பார்த்தார்கள். 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'டிரேசஸ்' கட்டமைப்பும் இணைந்தது. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. இதுவரை பல மில்லியன் சான்றிதழ்கள் இந்த வழியில் போயிருக்கின்றன.

சொந்தமாகக் கணினிக் கட்டமைப்பு இல்லாத நாடு என்ன செய்யும்?

இதுதான் முக்கியக் கேள்வி. ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, அமெரிக்கா போன்றவை தங்களுக்கென்று கட்டமைப்பைக் கட்டிக்கொள்ளும். பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. சின்ன நாடு? விவசாய ஏற்றுமதியை நம்பியிருக்கும் ஏழை நாடு? மின்னிலக்கம் பணக்கார நாடுகளுக்கு மட்டும் விரைவுப்பாதையாகிவிட்டால், மற்றவர்களின் மாம்பழமும் வெற்றிலையும் பழைய வரிசையிலேயே நிற்கும்.

அதனால் ஹப்போடு சேர்த்தே 'ஜென்ஸ்' என்ற பொதுக் கட்டமைப்பையும் உருவாக்கினார்கள். இணையமும் ஒரு கணினியும் இருந்தால் போதும். விண்ணப்பம், சோதனைப் பதிவு, சான்றிதழ் எல்லாவற்றையும் அதிலேயே செய்யலாம். அதை முதலில் சோதித்துப் பார்த்தவை மூன்று நாடுகள்: ஆப்பிரிக்காவில் கானா, பசிபிக் தீவு நாடான சமோவா, அப்புறம் இலங்கை.

காப்பி நோயால் ஒரு தொழிலையே பறிகொடுத்த அதே இலங்கைதான். அங்கே இந்த வேலையைப் பார்ப்பது தேசியத் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை. அதன் அலுவலகம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காய்கறி, பழம், வெற்றிலை, தென்னை நார் என்று பலவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பும் நாட்டுக்கு, விமானம் கிளம்புவதற்குள் சான்றிதழ் கிடைப்பது சின்ன விஷயம் அல்ல. சிறு ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு சரக்கு கெட்டால் அந்த மாத வருமானமே போய்விடும்.

நம் வட்டாரம் எங்கே நிற்கிறது?

வணிகத் தாள்களைக் கணினிக்கு மாற்றுவதில் சிங்கப்பூர் பழைய கை. ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிகளுக்கான 'டிரேட்நெட்' 1989லேயே தொடங்கிவிட்டது. பல அலுவலகங்களுக்கு அலையாமல் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் 'ஒற்றைச் சாளர' முறையில் அது உலகுக்கே முன்னோடி.

ஆசியானிலும் இதே எண்ணம் உண்டு. ஆசியான் ஒற்றைச் சாளரம் வழியாக 2018 ஜனவரியில் சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, தாய்லந்து, வியட்னாம் ஆகிய ஐந்து நாடுகள், பொருள் எங்கே தயாரானது என்று காட்டும் சான்றிதழை மின்னிலக்கத்தில் பரிமாறத் தொடங்கின. தாவர நலச் சான்றிதழையும் அதே பாதையில் கொண்டுபோவது ஆசியானின் திட்டம்.

சிங்கப்பூருக்கு இன்னொரு கோணமும் இருக்கிறது. நாம் இறக்குமதி செய்கிறோம். மீன்தொட்டிச் செடிகள், அலங்காரச் செடிகள் போன்றவற்றை ஏற்றுமதியும் செய்கிறோம். இதோடு, வெளியிலிருந்து வந்து இங்கிருந்து வேறு நாட்டுக்குப் போகும் சரக்கும் உண்டு. அதற்கு 'மறு ஏற்றுமதி' தாவர நலச் சான்றிதழ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. சரக்கு முதலில் கிளம்பிய நாட்டின் சான்றிதழையும் அதோடு சேர்த்துக் காட்ட வேண்டும். தாள்மேல் தாள் என்று சேரும் இடங்களில்தான் மின்னிலக்க முறையின் பயன் அதிகம் தெரியும்.

கணினியால் செய்ய முடியாதது என்ன?

இதுவரை படித்தால் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அப்படி இல்லை.

கணினி பூச்சியைப் பார்க்காது. பழத்தைத் திருப்பி, காம்புக்கு அடியில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது மனிதர். அவர் சரியாகப் பார்க்கவில்லை என்றால், தவறான வாக்கு இன்னும் வேகமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

வாக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2013இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போன 207 பழ, காய்கறிச் சரக்குகளில் பழ ஈ போன்ற பூச்சிகள் அகப்பட்டன. 2014 மே மாதம் முதல் அல்ஃபோன்சோ உட்பட எல்லா மாம்பழத்துக்கும், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகியவற்றுக்கும் ஐரோப்பா தடை போட்டது. இந்தியா ஏற்றுமதிக்கு முந்திய சோதனைகளை இறுக்கிய பிறகுதான், 2015 ஜனவரியில் மாம்பழத்துக்கான தடையை நீக்க ஒப்புக்கொண்டார்கள். இடையில் ஒரு மாம்பழப் பருவமே போய்விட்டது. தாளா கணினியா என்பது அங்கே பிரச்சினையே இல்லை; சோதனைதான் பிரச்சினை.

வேறு இடைஞ்சல்களும் இருக்கின்றன:

• ஒரு நாடு மின்னிலக்கத்தில் அனுப்பினாலும் இன்னொரு நாடு "தாளும் வேண்டும்" என்று கேட்டால் இரட்டை வேலை. பல இடங்களில் சட்டம் இன்னும் கையெழுத்தையும் முத்திரையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

• தாவர நல அதிகாரிக்குச் சான்றிதழ் வந்துவிட்டது, ஆனால் பக்கத்து மேசையில் இருக்கும் சுங்கத் துறைக் கணினியில் அது தெரியவில்லை என்றால், ஏற்றுமதியாளர் மறுபடியும் தாளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

• யாருடைய கடவுச்சொல் திருடு போனாலும் ஆபத்து. போலி முத்திரைக்குப் பதிலாகப் போலி நுழைவு என்ற கவலை வரும்.

• ஹப்பையும் ஜென்ஸையும் நடத்தப் பணம் வேண்டும். பெருமளவு நன்கொடையில் தொடங்கிய கட்டமைப்பை எப்போதும் நன்கொடையிலேயே ஓட்ட முடியாது. செலவை யார், எப்படிப் பகிர்வது என்பது உறுப்பு நாடுகளுக்குள் நீண்ட பேச்சு.

ஆக, இ-ஃபைட்டோ சோதனைக்கு மாற்று அல்ல. தாளுக்காகச் செலவான நேரத்தையும் ஆளையும் மிச்சப்படுத்தினால் அதைச் சோதனைக்குத் திருப்பிவிடலாம். அப்படித் திருப்பினால்தான் உண்மையான லாபம். திருப்பாமல் ஆளைக் குறைத்தால், வேகம் கூடும், பாதுகாப்பு கூடாது.

இதில் உங்களுக்கு என்ன வேலை?

"நான் என்ன டுரியான் ஏற்றுமதியா செய்றேன்?" என்று கேட்கிறீர்களா? நீங்களும் இதில் இருக்கிறீர்கள்.

இணையத்தில் செடி வாங்குகிறீர்களா? அபூர்வ மொன்ஸ்டெரா, ஆர்க்கிட் என்று வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் பார்க்கும்போது, "ஃபைட்டோ வேண்டுமானால் கூடுதல் கட்டணம்" என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கட்டணம் வேண்டுமானால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்பது மாதிரி தோன்றும். ஆனால் முடிவு செய்வது நீங்களோ விற்பவரோ அல்ல, செடி நுழையும் நாடு. வாங்குவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்திலோ மலேசிய விவசாயத் துறையின் தளத்திலோ விதிகளைப் பார்த்துவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் வந்தால் செடியும் போகும், காசும் போகும்.

விதைப் பொட்டலமும் செடி மாதிரிதான். 2020இல் அமெரிக்காவில் பலருடைய வீட்டுக்குக் கேட்காமலேயே விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. நட வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம், அதிகாரிகளிடம் கொடுங்கள் என்று அங்கே அறிவித்தார்கள். எவ்வளவு நல்ல மின்னிலக்கக் கட்டமைப்பு இருந்தாலும், சான்றிதழே இல்லாமல் சின்ன உறையில் வருவதை அது பிடிக்காது. உங்களுக்கு அப்படி ஏதாவது வந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள்.

பயணம் போகிறீர்களா? பையில் இருக்கும் பழம், பூ, கறிவேப்பிலை, மண்ணோடு இருக்கும் கன்று எதுவானாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அறிவிக்காமல் மாட்டினால் அபராதம் விதிக்கும் நாடுகள் பல. "அம்மா கொடுத்து விட்டாங்க" என்பது எந்த எல்லையிலும் சான்றிதழ் ஆகாது.

அடுத்த தடவை பேரங்காடிக்குப் பின்னால் மரப் பலகைகள் அடுக்கியிருப்பதைக் கண்டால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பலகையில் கதிர் மாதிரி ஒரு சின்னம் சுட்டுப் பதித்தோ அச்சடித்தோ இருக்கும். மரத்துக்குள் இருக்கும் பூச்சி சாகும்படி, பெரும்பாலும் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். பழத்துக்கு ஃபைட்டோ மாதிரி, பலகைக்கு அந்த முத்திரை.

சுருக்கமாகச் சொன்னால்:

• தாவர நலச் சான்றிதழ் ஒரு நாட்டு அரசாங்கம் இன்னொரு நாட்டு அரசாங்கத்துக்குக் கொடுக்கும் வாக்கு.

• இ-ஃபைட்டோ அந்த வாக்கைச் சரக்குக்கு முன்னால் கொண்டுசேர்க்கிறது, போலியைக் கடினமாக்குகிறது, தவறைச் சீக்கிரம் திருத்த உதவுகிறது.

• பொதுக் கட்டமைப்பு இருப்பதால் சின்ன நாடுகளும் சேர முடிகிறது.

• பூச்சியைக் கண்டுபிடிப்பது இன்னமும் மனிதர்தான். அந்த வேலைக்கு ஆளும் நேரமும் ஒதுக்குவது ஒவ்வொரு நாட்டின் பொறுப்பு.